ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு

வானொலியில் அழைக்கும் நேயர்களிடம் நான் அடிக்கடி கேட்பது, "சரிங்க, இதுல முக்கியமான சிக்கல் எது?" தமிழில் கேட்டால் பதில் வந்துவிடும். அதையே அலுவலகக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் கேட்டால், நம் பிள்ளைகள் பலர் 'மெயின் பாயிண்ட்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இன்னும் சில சொற்களைப் பார்ப்போமா?

நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களுக்கு ஒரு சொல் பழக்கமானதுதான்: 'கெர்னல்'. செம்பனைப் பழத்தின் சதையில் ஓர் எண்ணெய். கொட்டையின் ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பில் வேறோர் எண்ணெய். அந்தப் பருப்புதான் கெர்னல். பேச்சின் உட்கருவுக்கும் அதே பெயர்.

'க்ரக்ஸ்' என்றால் லத்தீனில் சிலுவை. இதை அவிழ்க்காமல் மற்றது எதுவும் நகராது என்னும் முடிச்சு அது. 'ஜிஸ்ட்' வேறு; சொன்னதன் சாரம் மட்டுமே.

'ரூட் காஸ்' என்பது வேர்க்காரணம். பால்மரத்துக்கு ஆணிவேர் உண்டு. செம்பனைக்குக் கொத்துக் கொத்தாய்ச் சல்லிவேர்தான். பிரச்சினைகளும் அப்படியே. ஒரே வேர் இல்லாதபோது 'ரூட் காஸஸ்' என்று பன்மையில் சொல்லுங்கள்.

இதெல்லாம் எதற்கு? லயத்து வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுகிறது என்று வையுங்கள். கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் வருவதில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது. கடைசி வரியில், அப்பாவுக்கு அடுத்த ஆண்டு பணி ஓய்வு. படிப்பவர் கூரையைச் சரிசெய்து கோப்பை மூடிவிடுவார். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டமும் வீட்டின் தரத்தையும் அடிப்படை வசதியையும்தான் பேசுகிறது. வீட்டை நமக்குச் சொந்தமாக்கவில்லை. வேலை முடிந்தால் வீடும் போகும். நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் முதல் வரியே இப்படி இருக்கட்டும்: "தி க்ரக்ஸ் ஆஃப் அவர் பிராப்ளம் இஸ் தட் தி ஹவுஸ் கோஸ் வித் தி ஜாப்." கூரையும் குழாயும் அதற்குக் கீழே வரட்டும்.

தோட்டத்தில் அப்பா அம்மா இருக்க, பட்டணத்தில் வேலை செய்யும் தம்பி தங்கைகளே, வீட்டுக் கடிதங்களை எழுதிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். அடுத்த கடிதத்துக்கு முன் பெரியவர்களை உட்கார வைத்து, ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்துவிடுங்கள். ஆங்கிலம் பிறகு தானாக வரும்.