பதினான்கு பாகமும் ஒரே அலுமாரியில்

நெடுங்கதை என்றாலே நம் மாணவருட் பலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். அதுவும் ஆங்கிலத்தில், 14 பாகங்களில், முற்றிலுங் கற்பனையானதோர் உலகைப் பற்றிய கதையென்றால் கேட்கவே வேண்டியதில்லை. "அதெல்லாம் கொழும்புப் பிள்ளைகள் படிப்பது, ஐயா" என்று பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவனொருவன் அண்மையில் நம்மிடம் கூறினான். அவன் கூற்றை மறுப்பதற்காகவே இம்மலரில் இடங்கேட்டோம்.

அவனுடைய பாட்டனார் காலத்தில் லயத்து வாசலிலே குப்பி விளக்கை வைத்துக்கொண்டு ஒருவர் படிக்கச் சுற்றியிருந்தோர் கேட்பர். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் அல்லி அரசாணி மாலையும் அவ்வாறே நம் மலைகளில் வாழ்ந்தன. முப்பத்திரண்டு பதுமைகளுங் கதை சொல்லி முடிக்கும்வரை, நீளம் அதிகமென்று முறையிட்டவர் இலர். பொன்னர் சங்கர் கூத்து விடிய விடிய நடக்கும். எழுத்தறியாத முதியோரும் அதிலே வரும் பெயர்களையெல்லாம் தவறாது ஒப்புவிப்பர். பின்னர், 1950 முதல் 1954 வரை, கல்கியின் பொன்னியின் செல்வனுக்காகத் தமிழர் வாரந்தோறுங் காத்திருக்கவில்லையா? இத்தகையோரின் பேரன் நெடுங்கதை தனக்குரியதன்று என்பது வேடிக்கையே.

ராபர்ட் ஜோர்டன் என்னும் அமெரிக்கர் 1990இல் தொடங்கிய 'காலச் சக்கரம்' என்ற வரிசையையே எடுத்துக்கொள்வோம். யுகங்கள் சுழன்று மீள்கின்றன. முன்னொரு யுகத்தின் வீரன் மறுபிறவி எடுக்கிறான். புராணங் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதன் திறவுகோல் வீட்டிலேயே கிடக்கிறது. ஆசிரியர் 2007இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புக்களைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் இறுதி மூன்று பாகங்களை எழுதி 2013இல் நிறைவு செய்தார். குறையில்லாத நூலென்று சொல்லமாட்டோம். நடுப்பாகங்களிற் கதை சேற்றில் அகப்பட்ட லொறிபோல நிற்கிறது. மாதர் ஆடையை வருணிப்பதில் ஆசிரியருக்கு அளவு கடந்த பிரியம். ஆயினும் முதற்பாகத்தின் முதல் நூறு பக்கங்களைத் தாண்டியவன் எளிதில் நிறுத்தமாட்டான். பெயர்கள் மயக்கினால் நூலின் இறுதியிற் சொல்விளக்கம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவது மட்டும் வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு அஞ்சுவோர் 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஹரி பொட்டர் கதையின் ஏழு பாகங்களை முதலிற் படிக்கலாம். கதாநாயகன் வளர வளர நடையும் வளர்வதால் அது நல்ல ஏணி. டெரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' 41 நாவல்கள் கொண்டதெனினும், பெரும்பாலும் எங்கே தொடங்கினும் விளங்கும்.

மற்றவற்றை முறையாகத்தான் படித்தல் வேண்டும். இதனை நாம் பட்டறிந்தோம். மாணவப் பருவத்தில் நமக்கெட்டிய நூல்நிலையமொன்றில் டோல்கீனின் மோதிரக் கதையின் இரண்டாம் பாகம் மாத்திரமே இருந்தது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்த அந்நூல் உண்மையில் ஒரே கதை. இரண்டாம் பாகமோ ஒரு வீரனின் மரணத்துடன் தொடங்குகிறது. இறப்பவன் யார், மற்றவர் ஏன் கலங்குகின்றனர் என்று விளங்காமல் விழித்தோம். முதற்பாகம், மூன்றாண்டுகளின் பின், கொழும்பு நடைபாதைக் கடையொன்றிலேதான் அகப்பட்டது.

யூபிலி நினைவாக வாயிலில் ஒரு வளைவு எழுப்பவேண்டும் என்போர் நம்மிடை உளர். வளைவுக்கு நாம் பகைவரல்லர். ஆனால் அதன் செலவில் ஒரு சிறு பங்கேனும் நூல்நிலையத்துக்கு ஒதுக்கி, இத்தகைய வரிசைகளை முதற்பாகம் தொட்டு இறுதிப்பாகம்வரை வாங்கி ஒரே அலுமாரியில் வைக்கவேண்டுமென்று பழைய மாணவரைக் கேட்கிறோம். ஒரு பாகம் தொலைந்தால் வேறெந்த நூலுக்கும் முன்னதாக அதனையே வாங்குதல் வேண்டும். சனிக்கிழமைகளில் மூத்த மாணவரொருவர் உரக்கப் படிக்க இளையோர் கேட்கும் வழக்கம் ஏற்படின் இன்னும் நன்று; லயத்து வாசலிற் செய்ததைக் கல்லூரியிற் செய்ய வெட்கமென்ன?

மேலே சொன்ன பசறை மாணவன் நம்முடைய முதற்பாகத்தை இரவல் வாங்கி இரண்டு மாதமாகிறது. சென்ற வாரம் பதுளை பஸ் நிலையத்தில் நம்மைக் கண்டதும் வணக்கஞ் சொல்லவும் மறந்து, இரண்டாம் பாகம் எப்போது தருவீர்கள் என்று கேட்டான். அதனை முன்பே வேறொருவர் இரவல் வாங்கிச் சென்றார், இன்னுந் திரும்பவில்லை.