ஆராய்ச்சிக்கு மதிப்பெண் போடுவது யார்?

டில்லியிலிருந்து ஆண்டுக்கொரு முறை ஒரு பட்டியல் வெளிவருகிறது. தேசிய நிறுவனத் தர வரிசை என்று அதற்குப் பெயர். 2015-ல் மோடி சர்க்கார் இந்த ஏற்பாட்டை அறிவித்தது. 2016 ஏப்ரலில் முதல் பட்டியல் வந்தது. அன்று முதல் நாட்டிலுள்ள பல்கலைக் கழகங்களுக்கு இதுவே ஜாதகம் என்றாகிவிட்டது. இடம் உயர்ந்தால் பாராட்டு விழா, இறங்கினால் பேராசிரியர்கள் மீது பாய்ச்சல்.

குமராட்சியில் இந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுவார் யாருமில்லை. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு அண்ணாமலைப் பல்கலைக் கழகம் ஒரு பஸ் பயணத் தூரம்தான். 1929-ல் தோன்றிய ஸ்தாபனம் அது. விவசாயப் புலம் அங்கே உண்டு. பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் இருக்கிறது. (தோழர் பாலதண்டாயுதம் மாணவராக இருந்ததும் அங்கேதான் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.) ஆனால் கீழணையிலிருந்து வடக்கு ராஜன் வாய்க்கால் வழியே வரும் தண்ணீரை நம்பிச் சம்பா நடும் விவசாயி, பக்கத்துப் பல்கலைக் கழகம் தேசத்தில் எத்தனையாவது இடம் என்று தெரிந்துகொண்டு என்ன செய்வார்? அவருடைய கேள்விகள் வேறு. கார்த்திகை மழையில் வயல் மூழ்கினால் பயிர் எத்தனை நாள் தாங்கும்? கொள்ளிடத்தில் கடல் நீர் ஏறி நிலத்தடி நீர் உப்பாவதை எப்படித் தடுப்பது? மேட்டூரில் உபரி நீரைத் திறந்துவிட்டால், 2018-லும் 2022-லும் நடந்தது போல, பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர் முதலிய கொள்ளிடக் கரை ஊர்களை வெள்ளம் சூழாதிருக்க வழி என்ன? நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வயலில் வேலையிழந்த பெண்களுக்குப் பிழைப்பு எங்கே?

இந்தக் கேள்விகளுக்கு டில்லிப் பட்டியலில் எத்தனை மதிப்பெண்? பார்ப்போம்.

பல்கலைக் கழகங்களுக்கான நூறு மதிப்பெண்களில் ஆராய்ச்சிக்கு முப்பது. அதில் எண்ணப்படுபவை எவை? வெளியான கட்டுரைகள், அக்கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய தடவைகள், பெற்ற காப்புரிமைகள், கிடைத்த நிதி. சமூகத் தொடர்பு என்ற தலைப்பில் தனியே பத்து மதிப்பெண் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அந்தப் பத்தில் பெரும்பாலும் பார்க்கப்படுவது வெளி மாநில மாணவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், ஏழை மாணவர் எத்தனை பேர், ஊனமுற்றோருக்கு வசதி உண்டா என்பதுதான். இவை அவசியமான விஷயங்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் செய்த ஆராய்ச்சியால் எந்த ஊருக்கு என்ன நன்மை என்ற கேள்வி அதில் இல்லை. இன்னொரு பத்து மதிப்பெண், நற்பெயருக்கு! அதை முதலாளிகளிடமும் கல்வியாளர்களிடமும் கேட்டறிகிறார்கள். விவசாயியிடமும் மீனவரிடமும் தொழிலாளியிடமும் கேட்பதில்லை.

எண்ணிக்கையே தரம் என்று ஆக்கிவிட்டால் என்ன விளையும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 2010-ல் பல்கலைக் கழக மானியக் குழு, ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, புத்தகத்துக்கு இத்தனை புள்ளி. உடனே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் "ஆராய்ச்சிப் பத்திரிகைகள்" புற்றீசல் போலக் கிளம்பின. அவற்றில் பல மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலுக்குள்ளேயே புகுந்துகொண்டன. 2018 மே மாதத்தில் அதே குழு 4,305 பத்திரிகைகளைத் தன் பட்டியலிலிருந்து ஒரேயடியாக நீக்க வேண்டி வந்தது. நோயைப் பரப்பியவர்களே பிறகு கிருமிநாசினி தெளித்த கதை இது. இன்று, வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரைகளுக்குத் தர வரிசையில் மதிப்பெண் குறைப்போம் என்கிறார்கள். நல்லது, ஆனால் கட்டுரைத் தொழிற்சாலையை நடத்தச் சொன்னது யார்?

தர நிர்ணயத்தின் இன்னொரு கை, 1994-ல் தோன்றிய தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு. 2025 பிப்ரவரியில், ஒரு தனியார் பல்கலைக் கழகத்துக்கு உயர்ந்த தரம் வழங்க லஞ்சம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, இந்தக் குழு அனுப்பிய ஆய்வாளர்களையே மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. வழக்கு நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் தரச் சான்று ஒரு வியாபாரச் சரக்காகிவிட்டால், அதை விலை கொடுத்து வாங்க ஆள் வராமலா இருப்பான்? சான்றை விளம்பரமாகப் போட்டுக் கட்டணத்தை உயர்த்தும் கல்வி வியாபாரிக்கு அது நல்ல முதலீடு.

கட்டுரைகளை எண்ணும் கணக்குப் புத்தகம் யாருடையது என்பதையும் கவனிக்க வேண்டும். தர வரிசைக்கு அடிப்படையான விவரத் தொகுப்புகள் எல்சவியர், கிளாரிவேட் ஆகிய அந்நியக் கம்பெனிகளின் சொத்து. நம் ஆராய்ச்சியாளர் நம் வரிப்பணத்தில் ஆராய்கிறார். எழுதியதைக் கம்பெனிக்குக் கொடுக்கிறார். அதைப் படிக்க நாம் மீண்டும் பணம் கட்டுகிறோம். 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை முப்பது பதிப்பகங்களின் பத்திரிகைகளுக்கு மூன்றாண்டுச் சந்தாவாக 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாணவர்கள் படிக்கட்டும், மகிழ்ச்சியே. ஆனால் ஏகபோகப் பதிப்பகங்களுக்குக் கப்பம் கட்டும் ஏற்பாட்டுக்குப் பெயர் சுயசார்பு அல்ல.

அந்தக் கணக்குப் புத்தகத்தில் தமிழுக்கு இடம் மிகக் குறைவு. ஈழத்திலிருந்து வந்த விபுலானந்த அடிகள் 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் பல்லாண்டு உழைத்து ஆக்கிய யாழ் நூல் 1947-ல் வெளிவந்தது. பழந்தமிழ் இசைக் கருவியை மீட்டுக் கொடுத்த அந்த நூலுக்கு இன்றைய கணக்குப்படி எத்தனை புள்ளி தேறும்? அடிகளுக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்காது!

கணக்கே கேட்கக் கூடாது என்பவர்கள் அல்ல நாம். மக்கள் பணத்தில் நடக்கும் எந்த ஸ்தாபனமும் மக்களுக்குக் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும். விஞ்ஞானத்துக்குச் சமூகக் கடமை உண்டு என்று இங்கிலாந்தின் விஞ்ஞானி பெர்னல் 1939-லேயே ஒரு புத்தகம் முழுவதும் வாதாடினார். அதே இங்கிலாந்தில் தாட்சர் அரசு 1986-ல் பல்கலைக் கழக ஆராய்ச்சிக்குத் தர மதிப்பீட்டைத் தொடங்கியது. 2014-ல் முதல் தடவையாக ஆராய்ச்சியின் சமூகப் பயனுக்கு நூற்றுக்கு இருபது பங்கு கொடுத்தார்கள். 2021-ல் அது இருபத்தைந்தாயிற்று. கல்வி வட்டாரத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் மதிப்பீட்டுக் குழுக்களில் இடம் தந்தார்கள். இந்த அம்சத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் 2014 மதிப்பீட்டை நடத்த மட்டும் சுமார் 24 கோடியே 60 லட்சம் பவுன் செலவாயிற்று. பயனை உண்டாக்குவதைவிட, பயன் உண்டானதாக எழுதிக் காட்டுவதற்கு ஆட்களை அமர்த்தும் நிலைமையும் பிறந்தது. பயன் என்பதைச் சந்தை லாபம் என்று படித்துவிட்டால் அபாயம் இன்னும் பெரிது. இன்றைக்குப் பயன் தெரியாத ஆராய்ச்சிகளின் கழுத்து முதலில் நெரிபடும்.

நெல்லின் கதை ஒன்று இதைத் தெளிவாக்கும். ஒரிஸ்ஸா விவசாயிகள் வெள்ளத்தில் அழியாத ஒரு நாட்டு நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் எஃப்.ஆர்.13ஏ. நீரில் மூழ்கியும் அது எப்படிப் பிழைக்கிறது என்று விஞ்ஞானிகள் பல ஆண்டு தேடினார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தாரும் சேர்ந்து, அதற்குக் காரணமான மரபணுவை 2006-ல் கண்டு வெளியிட்டார்கள். சப்-1 என்பது அதன் பெயர். பயிர் மூழ்கியதும் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, இருப்புச் சக்தியைச் செலவழிக்காமல் காத்திருக்கச் செய்கிறது அது. தண்ணீர் வடிந்ததும் பயிர் மீண்டும் துளிர்க்கிறது. நம் டெல்டா விவசாயிகளுக்குப் பழக்கமான சி.ஆர்.1009 நெல்லிலும் அந்தக் குணத்தைச் சேர்த்து சி.ஆர்.1009 சப்-1 என்று விதை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் என்பது அதன் பெருமை. மழைக்காலத்தில் வடிகால் அடைபட்டு வயல் ஏரியாகும் குமராட்சிப் பகுதிக்கு இதைவிடப் பெரிய சமூகப் பயன் என்ன வேண்டும்? ஆனால் தேடல் தொடங்கிய ஆண்டில் யாராவது பயன்பாட்டுச் சான்று கேட்டிருந்தால், அந்த வேலை அன்றே நின்றிருக்கும். விதையைக் காத்த ஒரிஸ்ஸா விவசாயியின் பெயர் எந்தக் கட்டுரையிலும் ஆசிரியராக இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் கடற்கரையிலும் ஒரு உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. பிச்சாவரம் சதுப்பு நிலக் காடுகள் உள்ள பரங்கிப்பேட்டைக் கரையோரம் பதினெட்டு மீனவக் குப்பங்களின் இழப்பை, பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றார்கள். 2006-ல் வேறு விஞ்ஞானிகள் அதை மறுத்தார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் நில மட்டத்தின் உயரமுமே உண்மையான காரணம் என்று வாதித்தார்கள். இதல்லவா தர மதிப்பீடு! வெளிச்சத்தில், ஆதாரத்தோடு, ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்ப்பது. குப்பத்தை எங்கே கட்டுவது, காட்டை எப்படிக் காப்பது என்று மீனவ மக்கள் முடிவு செய்ய இந்த விவாதம் முழுவதும் தேவை. ஆனால் அது நடந்தது ஆங்கிலத்தில், வெளிநாட்டுப் பத்திரிகையில். குப்பத்துக்கு எத்தனை வரி வந்து சேர்ந்தது?

கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தார் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ரசாயன ஆலைகளின் நாற்றத்தைச் சகித்துச் சகித்துச் சலித்த அவர்கள் 2004-ல் தாங்களே வாளிக் கருவிகளில் காற்றைப் பிடித்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய விஷப் பொருள்கள் அதில் இருப்பது வெளிப்பட்டது. மக்களால் கேள்வி கேட்க முடியும், ஆராயவும் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அவர்கள் பக்கத்தில் நின்று கருவி கொடுத்துக் கணக்குப் போட்டுத் தருவது மாவட்டத்துப் பல்கலைக் கழகத்தின் வேலை. அப்படிச் செய்யும் இளம் ஆசிரியருக்குப் புள்ளி இல்லை. ஆலை முதலாளியின் பகை மட்டும் உண்டு.

ஆராய்ச்சிக்கு இந்த நாடு ஒதுக்குவது தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 அளவே என்று 2020-21-ம் ஆண்டின் சர்க்கார் கணக்கே கூறுகிறது. சீனாவில் அது இரண்டுக்கும் மேல். 2023-ல் சட்டம் செய்து அமைத்த அனுசந்தான் ஆராய்ச்சி நிதியத்துக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று முழங்கினார்கள். அதில் 36,000 கோடி தனியார் முதலிய வெளி வழிகளிலிருந்து வருமாம்! பணம் கொடுப்பவன் கேள்வியையும் தானே கொடுப்பான். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித் தொகையை 2022-ல் நிறுத்தியவர்களும் இவர்களே. அண்ணாமலையோ 2013-ல் நிதி நெருக்கடியில் மாநில சர்க்கார் கைக்கு வந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஊர் ஊராக மாற்றப்பட்டார்கள். அதன் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அரசுக் கட்டணமே வேண்டும் என்று 2020 டிசம்பர் முதல் வாரக்கணக்கில் போராடித்தான் 2021-ல் வெற்றி கண்டார்கள். இந்தப் பின்னணியை மறந்துவிட்டு, கோடீஸ்வரத் தனியார் ஸ்தாபனங்களோடு அதை ஒரே ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தி இடம் கூறுவது நியாயமா?

மாநில சர்க்கார் தன் கையில் உள்ளதைச் செய்யட்டும். மாநிலப் பல்கலைக் கழகங்களில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்பட்டும். தொகுப்பூதியத்தில் வதைபடுவோருக்கு முறையான சம்பளம் தரட்டும். ஒவ்வொரு ஆராய்ச்சி ஏட்டுக்கும் எளிய தமிழில் சில பக்கச் சுருக்கம் கட்டாயமாகட்டும். ஆராய்ச்சியின் பயனை மதிப்பிடும் குழுக்களில் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர், மீனவர் சங்கங்களின் பிரதிநிதிகள் உட்காரட்டும். அடிப்படை ஆராய்ச்சியைச் சக விஞ்ஞானிகள் மதிப்பிடட்டும். அதற்குப் பொறுமையாகப் பணம் கொடுக்கட்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை ஒன்றியங்களில் உள்ள விவசாயிகள் சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் சம்பா அறுவடை முடிந்ததும் கூட்டம் போட்டு, வடிகால், உப்பு நீர், விதை, கூலி வேலை இவை பற்றிய தங்கள் கேள்விகளை எழுத்தில் திரட்டிப் பல்கலைக் கழக நிர்வாகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குமராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஜனங்கள் முன்னிலையில், தமிழில் பதில் சொல்லத் தேதி கேட்க வேண்டும்.