பாடியில் மிச்சம் பிடி, லென்ஸில் போடு!

கும்பகோணத்தில் ஒரு வீடு. பத்து வயது மகள் மூன்று வருடமாகப் பரதநாட்டியம் கற்கிறாள். போன வருடப் பள்ளி ஆண்டுவிழாவில் அவள் ஆடியபோது, அம்மா தன் சின்ன டிஜிட்டல் கேமராவில் 140 படங்கள் எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒன்றில்கூட முகம் தெளிவாக இல்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல ஒரு கோடு. பல படங்களில் மகள் குதித்து முடித்துக் கீழே இறங்கிவிட்டாள்.

வீட்டில் பாட்டி இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வெளியே போக முடியாது. பேத்தி ஆடுவதை அவர் பார்க்க ஒரே வழி போட்டோதான். அந்தப் படங்களைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இதுல நம்ம குட்டி எதுடி?” என்று கேட்டார். அம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது.

இந்த வருடம் தை மாதத்தில் சலங்கை பூஜை. எட்டுக் குழந்தைகள் முதன்முதலாகச் சலங்கை கட்டி மேடை ஏறப் போகிறார்கள். அதே நேரத்தில் சீட்டுப் பணம் 50,000 ரூபாய் கைக்கு வந்தது. “ஃப்ரிட்ஜ் மாத்தணும்னு சொன்னியே?” என்றார் அப்பா. “ஃப்ரிட்ஜ் இன்னும் ஒரு வருஷம் ஓடும். குட்டி மறுபடியும் முதல் தடவை சலங்கை கட்ட மாட்டா” என்றார் அம்மா. அதற்குமேல் அப்பா பேசவில்லை. இருவரும் கடைக்குப் போனார்கள்.

மெகாபிக்சல் பிரச்சினையே இல்லை

கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார். “24 மெகாபிக்சல் மேடம். ரெண்டு லென்ஸ், பை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்த காம்போ. சீட்டுப் பணத்துக்கு மேல கொஞ்சம்தான் ஆகும், அதை இஎம்ஐ-ல போட்டுக்கலாம்.”

அம்மா பில் போடச் சொல்லவில்லை. சென்னையில் கல்யாண போட்டோகிராபரிடம் உதவியாளராக இருக்கும் அண்ணன் மகனுக்கு போன் போட்டார்.

“அத்தை, உங்க பழைய கேமரா எத்தனை மெகாபிக்சல்?”

“20-ன்னு மேலேயே போட்டிருக்குடா.”

“அப்போ 20-லேர்ந்து 24-க்குப் போறதுக்கா ஐம்பதாயிரம்? மெகாபிக்சலை விடுங்க. உள்ள இருக்கிற சென்சார் எவ்வளவு பெரிசுன்னு பாருங்க.”

அவன் சொன்னது சரி. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். சட்டைப்பையில் அடங்கும் பெரும்பாலான சின்ன கேமராக்களில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் ஏறக்குறைய 22 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர். பரப்பளவில் பத்து மடங்குக்கும் மேல். மழையில் டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. அரை இருட்டு மண்டபத்தில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பெரிய சென்சார் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலும் குறையும்.

இரண்டாவது வித்தியாசம், நேரம். சின்ன கேமராவில் பட்டனை அழுத்திய பிறகு அது ஃபோகஸ் தேடும், நிற்கும், பிறகுதான் படம் எடுக்கும். அதற்குள் குழந்தை அடுத்த அடவுக்குப் போயிருப்பாள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸில் வரும் காட்சியை அது மேலே திருப்பி, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்கு அனுப்புகிறது. ஒரு பங்கு வெளிச்சம் ஃபோகஸுக்கென்றே இருக்கும் தனி சென்சாருக்குப் போகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் லென்ஸ் நகர வேண்டும் என்று அது உடனே கணக்கிட்டுவிடும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறந்து மூடும். ‘க்ளக்’ என்று கேட்பது இதுதான்.

பத்து மடங்கு வெளிச்சம்

“அப்போ இந்த காம்போவை வாங்கிடலாமா?” என்று கேட்டார் அம்மா.

“வாங்கினா, பாட்டிக்குத் திரும்பவும் புகைதான் அத்தை கிடைக்கும்.”

காரணம், லென்ஸ். பெட்டியோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால், அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். காம்போவில் வரும் இரண்டாவது நீள லென்ஸும் ஜூம் செய்த நிலையில் எஃப் 5.6-தான். வெயிலில் இரண்டுமே நன்றாக எடுக்கும். மண்டபத்தில் திணறும்.

எஃப் எண் சிறியதாக ஆக, லென்ஸின் வாய் பெரிதாகும். 50 எம்எம் எஃப் 1.8 என்று ஒரு லென்ஸ் உண்டு. ஜூம் கிடையாது, உள்ளங்கையில் அடங்கும், விலை பத்தாயிரம் ரூபாய் அளவில். எஃப் 5.6-ஐ விட எஃப் 1.8-ல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

இதை மேடைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கிட் லென்ஸில் 50-ல் ஒரு விநாடி ஷட்டர் வேகம்தான் கிடைக்கும் வெளிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆடும் குழந்தையின் கை அந்த நேரத்துக்குள் நகர்ந்துவிடும். அதே வெளிச்சத்தில், அதே ஐஎஸ்ஓவில், 50 எம்எம் லென்ஸில் 500-ல் ஒரு விநாடி கிடைக்கும். குதிக்கும் கால் அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

“அதனால பாடியில மிச்சம் பிடிங்க அத்தை, லென்ஸ்ல போடுங்க.”

ஜூம் இல்லாமல் எப்படி? கணக்கு எளிது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் 50 எம்எம் லென்ஸை மாட்டி, கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், 5 மீட்டர் தூரத்தில் சுமார் இரண்டேகால் மீட்டர் உயரம் படத்துக்குள் வரும். பத்து வயதுக் குழந்தை கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் அடங்கிவிடும். ஆக, முன்வரிசையில் ஓர் இடம் பிடித்தால் போதும்.

ஆனால், இந்த லென்ஸ் எல்லாருக்கும் பொருந்தாது. பறவை எடுப்பவருக்கு இது உதவாது. நிக்கான் பி900 போன்ற 83 மடங்கு ஜூம் கேமராவிலிருந்து டிஎஸ்எல்ஆருக்கு வருபவர், மூன்று மடங்கு ஜூம் மட்டுமே உள்ள 18-55 லென்ஸை மாட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போனால் நொந்துபோவார். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கான லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். பாடி அதற்குப் பிறகு.

எந்த பாடி?

தொடக்கநிலையில் பேசப்படும் மாடல்கள் சில. கேனன் 1500டி எளிமையானது, 24 மெகாபிக்சல். ஆனால் திரை திரும்பாது, தொடுதிரை இல்லை, வெளி மைக் மாட்ட இடமில்லை. கேனன் 200டி மார்க் 2-ல் இவை மூன்றும் உண்டு. திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் வேகமாக இருக்கும். வீடியோவும் எடுக்க நினைப்பவர்களுக்கு அது வசதி.

நிக்கானில் டி3500, டி5600 இரண்டும் நல்ல பெயர் வாங்கியவை. இப்போது உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டதால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். இவற்றில் ஒரு பொறி உண்டு. பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை மலிவு என்று நிக்கானின் பழைய ‘டி’ வகை 50 எம்எம் லென்ஸை வாங்கி மாட்டினால், தானாக ஃபோகஸ் ஆகாது. கையால்தான் திருக வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருக்கும் லென்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும். கேனனில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கேனனின் புதிய ‘ஆர்எஃப்’ லென்ஸ்கள் டிஎஸ்எல்ஆரில் பொருந்தாது. ‘இஎஃப்’ அல்லது ‘இஎஃப்-எஸ்’ என்று கேட்டு வாங்குங்கள்.

மிரர்லெஸ் வந்துவிட்டதே?

அப்பாவின் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கேனனின் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கானின் டி6 இரண்டும் 2020-ல் வந்தன. அதற்குப் பிறகு இரு நிறுவனங்களும் தங்கள் கவனத்தைக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் திருப்பிவிட்டன. அது எடை குறைவு, கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். போட்டோவைத் தொழிலாக எடுத்து, பல வருடங்களுக்கு லென்ஸ் வாங்கிச் சேர்க்கப் போகிறவர் அந்தப் பக்கம் போவதே சரி.

ஆனால் பட்ஜெட் 50,000 ரூபாய், எடுக்கப் போவது குழந்தையின் ஆட்டம் என்றால், டிஎஸ்எல்ஆர் இன்றும் கெட்டிக்காரத் தேர்வு. பலர் மிரர்லெஸுக்கு மாறியதால், நல்ல பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் இறங்கிய விலைக்கு வருகின்றன. பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும். பின்னாளில் மிரர்லெஸ் வாங்கினாலும், அந்தந்த நிறுவனத்தின் அடாப்டர் போட்டு இந்த லென்ஸ்களில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தலாம்.

செகண்ட் ஹேண்டில் எதைப் பார்ப்பது?

அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தான். மூவரும் சேர்ந்து ஒரு 200டி மார்க் 2-ஐப் பார்க்கப் போனார்கள். அவன் செய்த சோதனைகள் இவை.

முதலில் லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தான். உள்ளே சிலந்திவலை போல இழை தெரிந்தால் அது ஃபங்கஸ். நம் ஊர் ஈரக்காற்றில் சுலபமாகப் பிடிக்கும். சுத்தம் செய்யும் செலவில் வேறு லென்ஸே வாங்கிவிடலாம்.

அடுத்து வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் ஒரு படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், சென்சாரில் தூசியோ கீறலோ இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் துடைக்கலாம். கீறல் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஷட்டர் கவுண்ட். கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது போல, இது எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு. தொடக்கநிலை பாடிகளின் ஷட்டர் பொதுவாக ஒரு லட்சம் படம் தாங்கும் என்று வைத்துக்கொள்வார்கள். நிக்கானில் இந்த எண் படத்தின் தகவலிலேயே பதிவாகியிருக்கும். கேனனில் அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும். சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம்.

கடைசியாக, பில்லில் உள்ள எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தான். ஒன்றுதான். “மாமா, எடுத்துக்கலாம்” என்றான். 50 எம்எம் லென்ஸைக் கடையில் புதிதாக வாங்கினார்கள். மெமரி கார்டும் கூடுதல் பேட்டரியும் சேர்த்து, எல்லாம் சீட்டுப் பணத்துக்குள் முடிந்தது. இஎம்ஐ இல்லை.

சலங்கை பூஜை அன்று

அதற்கு முன் ஒரு மாதம், வாரம் இரண்டு நாள் மகளின் வகுப்பில் உட்கார்ந்து அம்மா பழகினார். முதல் வாரப் படங்கள் பழைய கேமராவைவிட மோசம். முகத்துக்குப் பதில் பின்னால் இருந்த ஜன்னல் கம்பி தெளிவாக விழுந்தது. நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை முகத்தில் வைக்கப் பழகிய பிறகு சரியானது.

விழா அன்று ஷட்டர் வேகம் 320-ல் ஒரு விநாடி, ஐஎஸ்ஓ தானாக, உச்சவரம்பு 6400. மேடைக்குப் பின்னால் கறுப்புத் திரை. கறுப்பைப் பார்த்தால் கேமரா ஏமாந்து படத்தை அதிகம் வெளுப்பாக்கும், முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகும். அதனால் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வைத்தார். ஃபிளாஷை நிறுத்தினார். எட்டுப் பேரும் இரண்டு வரிசையில் நின்றபோது மட்டும் எஃப் 4-க்குப் போய் ஷட்டர் வேகத்தைக் குறைத்தார். இல்லாவிட்டால் பின்வரிசை மங்கிவிடும்.

மொத்தம் 412 படம். தேறியது 60 இருக்கும். நூற்றுக்குப் பதினைந்து. அதற்கே அண்ணன் மகன், “அத்தை, நல்ல கணக்குதான் இது” என்றான்.

அதில் ஒன்றை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பாட்டியின் கட்டிலுக்கு எதிரே மாட்டினார்கள். மகள் ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் இருக்கிறாள். சலங்கை மணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

“ஏன்டி, மேடையில நாக்கைக் கடிச்சுக்கிட்டா ஆடுவே?”

கடைக்குப் போகுமுன்…

• எதை அதிகம் எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அதையே சொல்லுங்கள்.

• மொத்தப் பணத்தையும் பாடிக்குக் கொடுக்காதீர்கள். லென்ஸ், மெமரி கார்டு, கூடுதல் பேட்டரிக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

• கையில் பிடித்துப் பாருங்கள். கனமாகத் தோன்றினால் நாளைக்கு அது பீரோவில்தான் தூங்கும்.

• காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள். ஃபங்கஸுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

• முக்கியமான விழா என்றால், ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழகுங்கள். விழா அன்று காலையில் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.