மடியில் அடங்கும் தறி

தறி என்றவுடன் நம் கண்முன் வருவது காஞ்சிபுரத்திலும் சின்னாளப்பட்டியிலும் வீட்டின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கைத்தறி அன்றோ? ஒரு தறிக்கு ஓர் அறை, ஒரு பாவுக்கு ஒரு தெரு என்று வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. அத்தகைய நாட்டில் பிறந்த நமக்கு, உள்ளங்கையைவிடச் சற்றே பெரியதான ஒரு சட்டத்தைக் காட்டி "இதுவும் தறிதான்" என்றால் சிரிப்புத்தான் வரும். நாமும் சிரித்தோம். சென்ற ஆண்டு கனடாவிலிருந்து நம் பெரியம்மாவின் பேத்தி அனுப்பிய பொதியைப் பிரித்தபோது, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் தவறி வந்துவிட்டது என்றே எண்ணினோம்.

பெரியம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. இளமை முதல் குரோஷா ஊசியும் நூலுமாகவே இருந்தவர். நம் வீட்டு மேசை விரிப்பு, தலையணை ஓரம், சிறுவர் தொப்பி யாவும் அவர் கைவண்ணம். மூன்றாண்டுகளுக்கு முன் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து, பார்வையின் ஓரம் மட்டும் நின்று நடுப்பகுதி மங்கிவிட்டது. எதிரே வருபவரின் தோளைக் காண்பார், முகத்தைக் காணார். கண்ணி எண்ண இயலாமற் போகவே ஊசியை வைத்துவிட்டார். "இத்தனை காலம் உழைத்தது போதும், ஓய்வெடுங்கள்" என்று நாமும் அன்பாகத்தான் சொன்னோம். அந்த ஓய்வு அவரை எவ்வளவு வாட்டிற்று என்பதைக் கவனிக்க நமக்கு நெடுநாள் பிடித்தது. திண்ணையில் அமர்ந்து சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டேயிருப்பார். அவ்வளவுதான் அவர் வேலை.

இனி, அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்வோம். நான்கு அங்குலச் சதுரம்; சுற்றிலும் சிறு ஊசிமுனைகள் கூட்டங் கூட்டமாக நிற்கும். அமெரிக்க நாட்டில் 1930களில், பொருளாதார வீழ்ச்சியால் இல்லங்கள் நலிந்திருந்த காலத்தில், இவ்வகைத் தறிகள் பரவின. மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபோர்டு நகரில் டோனார் என்ற நிறுவனம் 'வீவ்-இட்' என்னும் பெயரில் செய்து விற்றது அவற்றுள் புகழ்பெற்றது. மிஞ்சிய கம்பளி நூலைக்கொண்டு சதுரங்களை நெய்து, அவற்றை இணைத்துப் போர்வையும் மேற்சட்டையும் செய்துகொள்ளும் முறைகளை விளக்கும் சிறு நூல்களும் வந்தன. பின்னர் இத்தறிகள் பலவும் பரண்களில் தூங்கின. 2010களில் கொலராடோ மாநிலத்தின் ஷாக்ட் நிறுவனம் 'ஜூம் லூம்' என்று அதே அளவிலான ஒன்றைக் கொண்டுவந்தது. முக்கோணமும் அறுகோணமும் நெய்யும் சட்டங்களும் இன்று கிடைக்கின்றன.

நெய்யும் முறையில்தான் அழகு இருக்கிறது. சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். முதலில் நூலை மேலும் கீழுமாக, முனைகளைச் சுற்றி இடைவெளி விட்டு இழுத்துச் செல்ல வேண்டும். இது முதல் அடுக்கு. அதன்மேல் இடம் வலமாக இரண்டாம் அடுக்கு. மீண்டும் மேலும் கீழுமாக, முதல் அடுக்கு விட்ட இடைவெளிகளில், மூன்றாம் அடுக்கு. இம்மூன்றுக்கும் ஊசி வேண்டா, வெறும் சுற்றல்தான். ஆயினும் அதற்குள்ளேயே பாதி நெசவு முடிந்துவிடுகிறது! இரண்டாம் அடுக்கின் ஒவ்வோர் இழையும் முதலாவதற்கு மேலும் மூன்றாவதற்குக் கீழும் தானாகவே கிடக்கிறது பாருங்கள். எஞ்சிய நான்காம் அடுக்கை மட்டும் நீண்ட ஊசியில் கோத்து, இடம் வலமாக, முதல் அடுக்குக்குக் கீழும் மூன்றாம் அடுக்குக்கு மேலுமாகச் செலுத்தினால் துணி ஆகிவிடும். பாவும் ஊடையும் ஒரே நூல்.

நான்காம் அடுக்குக்கு எவ்வளவு நூல் வேண்டும்? சட்டத்தின் வெளிப்புறத்தைச் சுற்றியே அளக்கலாம். ஏறத்தாழப் பதினாறு வரிசை, வரிசைக்கு நான்கு அங்குலம், ஆக 64 அங்குலம். சட்டத்தின் சுற்றளவு 16 அங்குலமாதலால் நான்கு சுற்று ஆகிறது. கைக்கு வசதியாக ஐந்தாவது சுற்றும் சேர்த்துக்கொண்டு வெட்ட வேண்டும். முழுச் சதுரம் ஒன்றுக்கு எட்டு கெஜம் நூல் போதும். நான்கு புறமும் கரையாக முடிவதால் தறியிலிருந்து எடுத்தபின் பிரியாது. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள இரு நுனிகளை உள்ளே செருகிவிட்டால் போதும்.

பெரியம்மா இதை எப்படிக் கற்றார் என்றுதானே கேட்கிறீர்கள்? நாம் படித்துக் காட்டினோம். அவர் விரலால் கேட்டார். முனைகளின் கூட்டங்களை முதல் நாள் முழுவதும் தடவித் தடவி மனத்தில் வாங்கிக்கொண்டார். நான்காம் அடுக்குக்குத்தான் கண் வேண்டும் என்று நாம் அஞ்சியிருந்தோம். அவரோ இரண்டாம் நாளே ஓர் உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னார்: ஊசி போகவேண்டிய சந்தில், மூன்றாம் அடுக்கின் இழை உயர்ந்தும் முதல் அடுக்கின் இழை தாழ்ந்தும் நிற்கும். "தாழ்ந்ததைத் தூக்கு, உயர்ந்ததை அமுக்கு. இதற்குக் கண் எதற்கு?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முயன்ற நாம் இதை அறியவில்லை. முதல் மூன்று அடுக்குகளை வெளிர் நிறத்திலும் நான்காவதை அடர் நிறத்திலும் நெய்தால், எஞ்சியுள்ள ஓரப் பார்வைக்கும் ஊசி சென்ற தடம் சற்றுப் புலப்படுகிறது. பார்வை குன்றியோர் உள்ள இல்லத்தார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேத்திக்கு வரும் கார்த்திகையில் குழந்தை பிறக்க இருக்கிறது. அந்நாட்டுக் குளிருக்கு முப்பத்தாறு அங்குலச் சதுரப் போர்வை ஒன்று செய்து அனுப்புவதாகப் பெரியம்மா வாக்களித்துவிட்டார். வரிசைக்கு ஒன்பதாக எண்பத்தொரு சதுரம். 648 கெஜம் நூல். தொடக்கத்தில் ஒரு சதுரத்துக்கு ஒரு பகற்பொழுது ஆயிற்று. இப்போது ஒரு மணி நேரம். ஆயினும் ஆடி மாதம் அவர் காய்ச்சலில் படுத்ததால் மூன்று வாரம் போயிற்று. கணக்குப் பார்த்த நாம், நாள் போதாதோ என்று அஞ்சி, அவர் அறியாமல் இரவில் நான்கு சதுரம் நெய்து அவர் கூடையில் சேர்த்துவிட்டோம்.

மறுநாள் காலையில் கூடையைத் தடவியவர் அந்த நான்கையும் தனியே எடுத்து வைத்தார். "இது யார் நெய்தது? இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள்" என்றார். அளந்து பார்த்தோம். இறுக்கிச் சுற்றினால், தறியிலிருந்து எடுத்தவுடன் இழை சுருங்கிவிடும். நம் சதுரங்கள் கால் அங்குலம் குறைந்திருந்தன. அவற்றை இணைத்தால் போர்வை கோணிக்கொள்ளும். கோபித்துக்கொண்டார் என்பதைவிட வருந்தினார் என்பதே பொருந்தும். "என்னால் முடியாது என்று முடிவு செய்துவிட்டீர்களா?" என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

முக்கோணச் சட்டம் செய்ய முயன்ற நம் முயற்சியும் நன்றாக முடியவில்லை. பலகையில் மூன்று பக்கமும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஆணி அடித்தோம். நூல் கோணிற்று. நீண்ட பக்கத்தில் 5 மில்லிமீட்டர் எனில் மற்ற இரு பக்கங்களில் 7 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அப்போதுதான் நேரிழையும் குறுக்கிழையும் ஒரே நெருக்கத்தில் அமையும். பள்ளியில் படித்த வடிவக்கணிதத்தை ஆணி அடிக்கும்போது மறந்தோம். பலகை அடுப்புக்குப் போயிற்று.

தள்ளிவைத்த நான்கு சதுரங்களும் வீணாகவில்லை. ஒரு சதுரத்தின் குறுக்கே நடுவிலே ஒரு தையலோட்டம். அதன் இரு முனையிலிருந்தும் மேல் ஓரத்தின் நடுப்புள்ளிவரை இரு சாய்வோட்டம். இந்த முக்கோணத்துக்குள் சிறிது பஞ்சு வைத்து நூலை இழுத்தால், நடுப்பகுதி உருண்டு தலையாகிறது. மேல் மூலைகள் இரண்டும் காதாக நிமிர்கின்றன. கீழ்ப்பாதியில் பஞ்சடைத்து முதுகைத் தைத்து ஒரு குஞ்சம் வைத்தால் முயல்! பேத்தி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பெரியம்மா நம்மைத் தைக்கவைத்தார். இறுக்கமான நெசவு பொம்மைக்கு நல்லதாம். பஞ்சு வெளியே வராதாம்.

இன்று கூடையில் அறுபத்தாறு சதுரங்கள் இருக்கின்றன. இன்னும் பதினைந்து நெய்து, எல்லாவற்றையும் இணைத்து, வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை அலசி நிழலில் உலர்த்தவேண்டும். அலசியபின்தான் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கித் துணி திரளும். ஐப்பசி முதல் வாரம் அஞ்சலகத்தில் சேர்க்கவேண்டும். இணைக்கும் தையலை மட்டும் நாம் போடலாம் என்று பெரியம்மா இசைவளித்திருக்கிறார்; இறுக்காமல் தைக்கவேண்டும் என்பது நிபந்தனை.

மூன்று முயல்கள் பொதியில் வைக்கப்பட்டுவிட்டன. நான்காவதற்கு ஒரு காது நீளமாகவும் மற்றது குட்டையாகவும் அமைந்துவிட்டது. அதைப் பெரியம்மா தம் தலையணை அருகே வைத்துக்கொண்டிருக்கிறார்.