மருந்தும் மனவிழைவும்

பிழைப்புக்கென ஒரு தொழில் இருந்தாலும், உள்ளத்துக்கென ஓர் ஈடுபாடும் மனிதனுக்கு வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு அது தூண்டில், ஒருவருக்குக் கைப்பந்து, இன்னொருவருக்குக் கவியரங்கம். கடும் நோய் வந்துற்ற காலத்தில் அந்த ஈடுபாட்டை என்ன செய்வது? நம் இல்லங்களில் இவ்வினாவுக்கு விடை ஆயத்தமாகவே இருக்கிறது. "இந்த நிலையில் இதெல்லாம் எதற்கு?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைக்க, சிகிச்சை தொடங்கிய மறுநாளே பந்து பரணுக்கு ஏறிவிடுகிறது. இஃது அன்பினாற் செய்யப்படுவதே, ஐயமில்லை. ஆயினும் முறைதானா என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. இவற்றுள் முதலிடம் நோயுற்றவருக்குத் தரப்பட்டிருப்பது நம் சிந்தனைக்குரியது. இன்றைய நடைமுறையிலோ மருத்துவர் பேசுகிறார், உறவினர் பேசுகின்றனர், மருந்துச் சீட்டும் பேசுகிறது. முதற்கூறாகிய நோயாளி ஒருவரே வாய்மூடி இருக்கிறார்.

எளிய பொழுதுபோக்கு ஒன்றை வைத்து இதனை ஆராய்ந்தால் விடை எளிதில் கிடைத்துவிடும். ஆதலின் கடினமானதையே எடுத்துக்கொள்வோம். அது கார்ப் பந்தயம். சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் நடைபெற்ற பந்தயங்களை நம் மூத்தோர் அறிவர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயக்களம் அமைந்ததை இளையோர் அறிவர். உயிரைப் பணயம் வைக்கும் இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்ட ஒருவர், புற்றுநோய்க்கோ இதயநோய்க்கோ சிகிச்சை பெறும் காலத்திலும் அதனைத் தொடரலாமா?

தடைகள் பல என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். கீமோதெரபி மருந்துகளுட் சில, விரல்களையும் பாதங்களையும் மரத்துப்போகச் செய்கின்றன. பிரேக்கின் அழுத்தத்தைப் பாதத்தால் உணர முடியாதவர் பந்தய வேகத்தில் ஓட்டுவது எங்ஙனம்? மருந்தேற்றுவதற்காகக் காறை எலும்பின் கீழ்த் தோலுக்கடியில் சிறு கருவி ஒன்றைப் பொருத்துவது உண்டு. பந்தயக் காரின் தோள்பட்டை இறுக அழுத்தும் இடமும் அதுவே. குருதித் தட்டணுக்கள் குறைந்திருக்குங்கால் சிறு மோதலும் பெருங்கசிவாகலாம். இதயநோய்க்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிகளின்படி கார்ப் பந்தயப் போட்டிகளில் தடைசெய்யப்பட்டவை. இன்சுலினும் தடைப்பட்டியலில் உள்ளது. உரிய சான்று காட்டி விலக்குப் பெற்ற பின்னரே அதனைப் பயன்படுத்தலாம். எனவே 'மனவுறுதி ஒன்று போதும்' என்று மேடையில் முழங்குவது பொறுப்பாகாது.

எனினும், தடை என்பது வேறு; முடிவு என்பது வேறு. அமெரிக்க ஓட்டுநர் சார்லி கிம்பால் 2007-இல் முதல்வகை நீரிழிவுக்கு ஆளானார். வாழ்நாள் முழுதும் இன்சுலின் இன்றியமையாத நோய் அது. அவர் களத்தைத் துறக்கவில்லை. தம் மருத்துவருடன் அமர்ந்து வழி தேடினார். குருதிச் சர்க்கரை அளவைக் காட்டும் கருவி அவருடைய காரின் ஸ்டியரிங்கில் இடம்பெற்றது. குடிப்பதற்கு ஒரு குழாயில் நீரும், சர்க்கரை தாழ்ந்தால் பருக மற்றொன்றில் இனிப்புப் பானமும் வைக்கப்பட்டன. 2011-இல் இண்டிகார் பந்தயங்களில் நுழைந்த அவர், 2013-இல் மிட்-ஒகையோ களத்தில் வெற்றியும் பெற்றார். இங்கே நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்போர் ஆகிய நான்கு கூறுகளும் ஒன்றுகூடின என்க.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. 1959-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ராய் சால்வடோரியுடன் இணைந்து வென்றவர் கரோல் ஷெல்பி. அவருக்கு இதயவலி நோய் இருந்தது. 1960-ஆம் ஆண்டுப் பந்தயங்களில் நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாவின் அடியில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். இதனை வீரம் என்று போற்றுவோர் பலர். நாம் அவ்வாறு போற்றத் தயங்குகிறோம். அம்மருந்து குருதியழுத்தத்தைத் தாழ்த்துவது, தலைச்சுற்றல் தரவல்லது. தடத்தில் ஷெல்பி தனியாக இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் வேறு கார்கள் இருந்தன. ஓரத்தில் கொடி ஏந்திய தொண்டர்கள் நின்றனர். அவர்களுள் எவரும் அந்த மாத்திரைக்கு இசைவு தந்தவர் அல்லர்.

ஆகவே குறள் வகுத்த நான்கு கூறுகளோடு, இவ்வகை விளையாட்டில் ஐந்தாம் கூறு ஒன்றையும் சேர்த்தெண்ண வேண்டும் என்பது நம் கருத்து. நம் முடிவினால் தீங்குறக்கூடிய பிறரே அந்த ஐந்தாம் கூறு. தன் உயிரைப் பற்றி முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று வாதிடலாம். பிறர் உயிரைப் பற்றி முடிவு செய்யும் உரிமை எவர்க்கும் இல்லை.

2001-இல் உலக ராலி வாகையர் பட்டம் வென்ற இங்கிலாந்து வீரர் ரிச்சர்டு பர்ன்ஸின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். 2003 நவம்பரில், ஆண்டின் இறுதிப் போட்டிக்குச் செல்லும் வழியில், பொதுச்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோதே அவர் நினைவிழந்தார். மூளையில் கட்டி என்று பின்னர் அறியப்பட்டது. எந்நேரமும் நினைவு தவறக்கூடிய ஒருவர் ஸ்டியரிங்கைத் தொடலாகாது. அங்கே வாதத்துக்கு இடமில்லை. அவரும் போட்டியிலிருந்து விலகிச் சிகிச்சை மேற்கொண்டார். ஆனால் 2005 ஆகஸ்டில் காசில் கூம் களத்தில், அவர் முன்னர் ஓட்டிய கார்களை நண்பர்களும் குடும்பத்தாரும் ஒன்றுதிரட்டி ஓடவிட்டனர். அதனைக் காண அவரும் வந்திருந்தார். அவ்வாண்டு நவம்பர் 25-இல், பட்டம் வென்ற அதே தேதியில், 34-ஆம் வயதில் மறைந்தார். ஓட்ட இயலாதவரிடமிருந்து பந்தயத்தையே பறித்துவிடாமல், பந்தயத்தை அவரிடம் கொண்டுவந்த அவ்வுறவினரின் செயலை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

ஷெல்பியும் 1960-ஆம் ஆண்டோடு ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் களத்தை விடவில்லை. 1962-இல் கோப்ரா என்னும் காரை உருவாக்கினார். 1966-இல் ஃபோர்டு கார்கள் லெ மானில் முதல் மூன்று இடங்களைக் கைப்பற்றியபோது, முதலிரண்டும் அவருடைய அணியின் பொறுப்பில் இருந்தவை. 1990-இல் அவருக்கு மாற்று இதயம் பொருத்தப்பட்டது. 1996-இல் மகன் சிறுநீரகம் ஈந்தார். 2012-இல் 89 வயதில் மறையும்வரை கார்களோடே வாழ்ந்தார். இடம் மாறிய ஈடுபாடு இன்னும் பெரிதாக வளர்ந்தது என்பதன்றோ இதிலிருந்து நாம் பெறும் பாடம்!

நடிப்பைத் தொழிலாகவும் பந்தயத்தை விழைவாகவும் கொண்டவர் பால் நியூமன். நாற்பது வயதைக் கடந்த பின் பந்தயத்தில் இறங்கி, 1979-இல் லெ மானில் இரண்டாமிடம் பெற்ற அணியில் இருந்தவர். 82 வயதிலும் களம் கண்டவர். 2008-இல் புற்றுநோயால் நலிந்திருந்தபோது, ஆகஸ்டு மாதத்தில் லைம் ராக் களத்துக்கு வந்து தம் காரைச் சில சுற்றுகள் ஓட்டினார். அது போட்டியன்று, முந்த வேண்டியவரும் எவருமில்லை. அடுத்த மாதம் 26-ஆம் நாள் அவர் மறைந்தார். அச்சில சுற்றுகளால் அவருடைய நோய் குறைந்திருக்காது. ஆயினும் இறுதிவரை அவர் நோயாளியாக மட்டும் இருக்கவில்லை.

இச்சான்றுகளிலிருந்து நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. நோயின் பெயரைக் கேட்டவுடன் ஒருவரின் விழைவுக்குத் தடை விதிப்பது தவறு. அவர் விரும்பினார் என்பதற்காக அனைத்தையும் ஒப்புவதும் தவறு. 'கூடுமா, கூடாதா?' என்று கேட்பதை விட்டு, 'எவ்வடிவில் கூடும்?' என்று கேட்க வேண்டும். ஓட்ட இயலாதவர் நேரம் கணிக்கலாம், கொடிமேடையில் தொண்டாற்றலாம், இளையோருக்குப் பயிற்சி தரலாம், அதுவும் இயலாதபோது அமர்ந்து பார்க்கலாம். எந்த வடிவத்துக்கும் மருத்துவரிடம் ஒளிவின்றிப் பேசுதல் இன்றியமையாதது. 'எனக்கு இது வேண்டும்' என்று நோயாளி வாய்திறந்து சொன்னாலன்றி, மருந்தேற்றும் நாளையும் ஓய்வு நாளையும் அதற்கேற்ப வகுக்க மருத்துவரால் இயலாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்கள் இல்லத்தில் தந்தையோ பாட்டனாரோ சிகிச்சையில் இருப்பின், மாத்திரை உண்டாரா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர் எதனை இழந்து வருந்துகிறார் என்றும் கேளுங்கள். பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் ஏற்றிய பந்தை இறக்கிவைப்பது மருத்துவருக்கு மாறாக நடப்பதாகாது. அவரிடம் கேட்டு இறக்கிவைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. உடலைக் காக்கும் முயற்சியில், அவ்வுடல் எதற்காக வாழ விரும்புகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.