சீட்டு இருக்கட்டும், காசு வேண்டாம்

அன்புவழிபுரத்தில் என் சித்தப்பா வீடு இருக்கிறது. மலையை விட்டுத் திருகோணமலைக்குப் போய்க் குடியேறிய குடும்பம். சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். டிசம்பர் விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, ஒரு நாள் வெயில் தாழ்ந்ததும் விறாந்தையில் பாயை விரித்துச் சீட்டுக்கட்டை எடுத்து வைத்தார்.

"வாம்மா, ஜின் ரம்மி சொல்லித் தர்றேன்" என்றார்.

உள்ளேயிருந்து சித்தியின் சத்தம் வந்தது. "டீச்சர் புள்ளைக்குச் சீட்டு பழக்குறீங்களா? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

சித்தியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. லயத்தில் பிறந்த பெண்ணுக்குச் சீட்டு என்றால் சம்பள நாள் இரவுதான் ஞாபகம் வரும். மலையில் அட்டைக்கடிபட்டு எடுத்த கொழுந்தின் காசு, விடிவதற்குள் வேறொருவர் மடியில் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆனாலும் அன்று கற்றுக்கொண்டேன். கற்ற பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. சீட்டை நாம் வீட்டுக்குள் விடலாம். காசை அதன்மேல் வைக்கக் கூடாது. அந்தக் காசில் பங்கு கேட்டு வருகிறவனை இஸ்தோப்பிலேயே மறிக்க வேண்டும்.

முதலில் விளையாட்டைச் சொல்கிறேன். நம்மில் பலருக்கு முந்நூற்று நாலு தெரியும். அதற்கு நாலு பேர் வேண்டும். ஜின் ரம்மிக்கு இரண்டு பேர் போதும். 52 சீட்டு. ஆளுக்குப் பத்து. மிச்சக் கட்டைக் கவிழ்த்து வைத்து, மேல் சீட்டு ஒன்றைத் திறந்து பக்கத்தில் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு எடுத்து ஒரு சீட்டு கழிக்க வேண்டும். ஒரே எண்ணில் மூன்று அல்லது நான்கு சேர்ந்தால் அது ஒரு செட். ஒரே இனத்தில் மூன்றோ அதற்கு மேலோ வரிசையாக வந்தால் அதுவும் சேர்த்தி. எதிலும் சேராதவை உதிரி. கிங், குயின், ஜாக் மூன்றுக்கும் தலைக்குப் பத்துப் புள்ளி, ஏசுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு அந்தந்த எண்.

ஒரு சீட்டைக் கழித்த பிறகு கையிலுள்ள உதிரி பத்துப் புள்ளியோ அதற்குக் குறைவோ என்றால் தட்டலாம். அப்போது இருவரும் கையை விரித்துக் காட்ட வேண்டும். எதிராளி தன் உதிரியில் பொருந்துவதைத் தட்டியவரின் சேர்த்திகளோடு ஒட்டிவிடலாம். மிஞ்சும் வித்தியாசம் தட்டியவருக்குப் புள்ளி. உதிரியே இல்லாமல் பத்தும் சேர்ந்தால் அதற்குப் பெயர் ஜின். அதற்குத் தனிப்புள்ளி உண்டு; எதிராளி ஒட்டவும் முடியாது. தட்டியவரைவிட எதிராளியின் உதிரி குறைவாகவோ சமமாகவோ இருந்தால் ஆட்டம் தலைகீழாகும். புள்ளியும் மேலதிகப் புள்ளியும் எதிராளிக்குப் போகும். முதலில் 100 எடுப்பவருக்கு வெற்றி.

விதி அவ்வளவுதான், பழக அரை மணி நேரம் போதும். புத்தி வேலை செய்வது அதற்குப் பிறகுதான். கிங் வரிசையில் சேர ஒரே வழிதான் உண்டு: ஜாக், குயின், கிங். ஏழு என்றால் மூன்று சீட்டு வரிசையில் சேர மூன்று வழி: 5-6-7, 6-7-8, 7-8-9. ஆகவே சேரும் என்ற ஆசையில் பெரிய சீட்டைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. திறந்த சீட்டை எடுத்தால் உங்கள் கை என்னவென்று எதிராளிக்குப் பாதி தெரிந்துவிடும். அவர் எதை எடுத்தார், எதைக் கழித்தார் என்று நீங்களும் ஞாபகம் வைக்க வேண்டும். தொடக்கத்திலேயே தட்ட முடிந்தால் பெரும்பாலும் தட்டிவிடுவது நல்லது. நேரம் போகப்போக எதிராளியின் கையும் சேர்ந்திருக்கும். அப்போது பத்துப் புள்ளி உதிரியோடு தட்டினால் மாட்டிக்கொள்வோம்.

இதைச் சித்தப்பா சொன்னபோது எனக்கு நம் சம்பளப் பிரச்சினைதான் ஞாபகம் வந்தது. 2024 மே மாதத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபா என்ற அறிவிப்பு வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. கட்டில் கிடக்கும் சீட்டைக் கையில் இருப்பதாகக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களுக்கு எதிராளியின் கையைக் கணிக்கவும் தட்டும் நேரத்தை அறியவும் தெரிய வேண்டும்.

இவ்வளவு நல்ல விளையாட்டைக் கெடுப்பது எது? என் வகுப்பில் ஒரு பிள்ளை மாலை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டது. விசாரித்தேன். அப்பா தீபாவளி முற்பணத்தைப் போனில் காசு வைத்து ஆடி மூன்று இரவில் தொலைத்துவிட்டார். "அது சூதாட்டம் இல்ல டீச்சர், திறமை விளையாட்டுன்னுதான் போட்டிருந்துச்சு" என்றார் என்னிடம்.

அந்த வார்த்தைக்கு ஒரு வரலாறு உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவது என்று 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும் என்பது அதற்குக் காட்டிய காரணம். ஆனால் அதே தீர்ப்பு, ஆட்டம் நடத்தும் இடத்துக்காரர் அதிலிருந்து லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னது. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022இல் ஒரு குழு அமைத்து, இணையச் சூதாட்டத்துக்குத் தடைச்சட்டம் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியை அதிர்ஷ்ட விளையாட்டாகச் சேர்த்ததை ஏற்கவில்லை. கடைசியில் 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்தது.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற சண்டை வக்கீல்மாருக்கு இருக்கட்டும். நாம் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம திறமையுள்ள இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபா கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பனி 20 எடுத்துக்கொண்டு, வென்றவருக்கு 180 கொடுக்கிறது. 50 ஆட்டம் ஆடி ஆளுக்கு 25 வென்றால், ஒருவர் கட்டியது 5,000, வாங்கியது 4,500. இரண்டு பேருக்கும் தலைக்கு 500 நட்டம். ஒரு சீட்டும் தொடாத கம்பனிக்கு 1,000 லாபம்.

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ கூடக் கழித்தால் நாம் கேட்கிறோம். அரைப் பேர் போட்டால் ஆபீஸ் வாசலுக்குப் போகிறோம். போனில் ஆட்டத்துக்கு ஆட்டம் கழிப்பவனிடம் ஏன் கேட்பதில்லை? பெரிய கங்காணியின் கடனில் கட்டுண்டு, கடனைத் தீர்த்தால்தான் தோட்டம் மாறலாம் என்று துண்டுச் சீட்டோடு நின்றவர்கள் நம் பாட்டன்மார். அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. பேரப்பிள்ளைகள் நாம் போனைத் திறந்து புதுக் கங்காணிக்குக் கடன்படலாமா?

தோட்டக் கமிட்டித் தலைவர்மாரிடமும் மாதர் சங்கத்திடமும் நான் கேட்பது இதுதான். சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையைத் திறந்து சீட்டு ஆட விடுங்கள். புள்ளியைக் கொப்பியில் எழுதுங்கள், காசு மட்டும் பாயில் விழக் கூடாது. பெண்களும் உட்கார்ந்து ஆட வேண்டும். சம்பள நாளில் காசு வைத்து ஆடுவதில்லை என்று கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் எடுங்கள். போனில் கடன்பட்டவரைக் கேலி செய்யாமல், கூப்பிட்டு உட்கார வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அன்புவழிபுரத்தில் நான் ஐந்து மாலை ஆடினேன். நாலு மாலை தோற்றேன். ஐந்தாவது நாள் சித்தப்பா அவசரப்பட்டுத் தட்டினார், நான் குறைந்த உதிரியோடு காத்திருந்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தி சிரித்துவிட்டார். அந்த ஐந்து நாளும் அந்த வீட்டில் ஒருவர் மடியிலிருந்தும் ஒரு சதம் போகவில்லை.