விற்பவருக்குத் தெரியாத படகு

பழைய பொருளை விற்கிறவருக்குத்தான் அதைப் பற்றி எல்லாம் தெரியும், வாங்குகிறவர் பாவம் ஏமாளி. பொதுவாக எல்லோரும் நினைப்பது இதுதான். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970ல் இதை வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரையே எழுதினார். பழைய காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் "இந்த விலைக்கு எதற்கு விற்க வேண்டும்" என்று சந்தைக்கே வரமாட்டார். 2001ல் நோபல் பரிசை அவர் மேலும் இருவரோடு பகிர்ந்துகொண்டதற்கு அந்தக் கட்டுரையும் முக்கியக் காரணம்.

ஆனால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும் ஓர் இடம் உண்டு. அது வாரிசாக வந்த மோட்டார் படகு.

அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட உல்லாசப் படகுகள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். ஏரிக்கரை ஊர்களில் வீட்டு முற்றத்தில் டிரெய்லர் மேல் ஒரு படகு நிற்பது சாதாரணக் காட்சி. அப்பா வார இறுதியில் மீன் பிடிக்கப் போவார். அவர் இறந்த பிறகு படகு தார்ப்பாய்க்குள் கிடக்கும். பிள்ளைகள் வேறு ஊரில். அது எந்தக் கம்பெனி, எந்த வருடம், எஞ்சின் ஓடுமா, எதுவும் தெரியாது. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் வருவார். "பழசுதானே, சும்மா இடத்தை அடைக்குது. இந்தா பணம், நான் எடுத்துட்டுப் போறேன்" என்பார். அப்பாவோடு பத்து வருடம் அதே படகில் போனவர் அவர். இங்கே பொருளைத் தெரிந்தவர் வாங்குபவர், தெரியாதவர் விற்பவர்!

ஆகவே வாரிசு முதலில் செய்ய வேண்டிய வேலை விலை கேட்பதோ, விளம்பரம் கொடுப்பதோ அல்ல. படகு எது என்று கண்டுபிடிப்பது. இதற்குப் பெரிய நிபுணத்துவம் ஒன்றும் தேவையில்லை, ஒரு மதியப் பொழுது போதும்.

நம்மூர் வண்டிக்கு சேஸிஸ் நம்பர் மாதிரி, 1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் கட்டிய படகுகளுக்கு 12 இடங்கள் கொண்ட ஹல் அடையாள எண் உண்டு. படகின் பின்பக்கச் சுவரில், வலது பக்கம், மேல் விளிம்பை ஒட்டிப் பொறித்திருப்பார்கள். முதல் மூன்று எழுத்து கட்டிய கம்பெனி. அது எந்தக் கம்பெனி என்று கடலோரக் காவல் படையின் பொதுப் பட்டியலில் யாரும் பார்க்கலாம். அடுத்த ஐந்து வரிசை எண். 1984 ஆகஸ்ட் முதல் உள்ள முறைப்படி, கடைசி நான்கு இடங்களில் தேதி. உதாரணமாக 'டி495' என்றிருந்தால் டி என்பது நான்காவது எழுத்து, எனவே ஏப்ரல். 4 என்பது 1994. 95 என்பது 1995 மாடல். அதற்கு முந்தைய படகுகளில் தேதி எழுதும் முறை கொஞ்சம் வேறு. 1984லிருந்து இதே எண்ணை இன்னொரு மறைவான இடத்திலும் பொறிக்க வேண்டும் என்றாயிற்று. வெளியே உள்ளதைத் திருடன் சுரண்டினாலும் உள்ளே இருப்பது காட்டிக் கொடுத்துவிடும்.

படகின் வயதுதான் எஞ்சினின் வயது என்று நினைத்துவிடக் கூடாது. இடையில் எஞ்சின் மாற்றுவது சகஜம். வெளியே பொருத்தும் எஞ்சினில் பிராக்கெட்டில் உள்ள தகட்டைப் பார்க்க வேண்டும். ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் 1980 முதல் ஒரு வேடிக்கை உண்டு. 'இன்ட்ரொட்யூசஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளும் 1 முதல் 9, கடைசியில் 0. மாடல் எண்ணில் வருடத்துக்கான இடத்தில் 'சிஓ' என்றிருந்தால் 85. இந்த விவரம் விலையையும் பாதிக்கும். ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களைச் செய்த கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. பிறகு கைமாறிய எவின்ரூட் தயாரிப்பும் 2020ல் நிறுத்தப்பட்டது. உதிரிபாகம் பற்றிய கவலை வாங்குபவருக்கு வரத்தானே செய்யும். டிரெய்லருக்கும் தனி எண், தனிக் காகிதம்.

அடுத்தது, விற்க உரிமை யாருக்கு? சாவி கையில் இருப்பதால் படகு சொந்தமாகிவிடாது. அது இறந்தவரின் சொத்துத் தொகுப்பைச் சேர்ந்தது. உயிலை நிறைவேற்றுபவரோ, மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வாரிசோ கையெழுத்திட்டால்தான் செல்லும். அண்ணன் ஒருவரே அவசரமாக அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டால் தங்கையின் பங்கும் சேர்ந்தே போகிறது. பல குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோவது இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான். வரிக் கணக்கிலும் பொதுவாக அப்பா வாங்கிய விலை செல்லாது, அவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே வாரிசுக்கு அடக்க விலை. அந்த மதிப்பை எழுதி வைக்கவாவது படகு எதுவென்று தெரிய வேண்டாமா?

"இவ்வளவு எதற்கு? நிறுத்தி வைக்க மாதாமாதம் வாடகை, இன்சூரன்ஸ். வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் நிம்மதி" என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி நியாயம். படகு நின்ற இடத்திலேயே பணம் தின்னும். பழைய பெட்ரோல் கெட்டுப்போகும். ஃபைபருக்குள் இருக்கும் மரம் ஈரமேறி உளுத்துப்போகும். பின்சுவரைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். அப்பாவின் ஞாபகம் என்று பத்து வருடம் மூடி வைத்தால் ஞாபகம் இருக்கும், படகு இருக்காது. சீக்கிரம் விற்கலாம், தப்பில்லை. ஆனால் சீக்கிரம் விற்பது வேறு, கண்ணை மூடிக்கொண்டு விற்பது வேறு. விலை உயர்ந்த படகு என்றால் சர்வேயரை வைத்துப் பரிசோதிப்பதில் அர்த்தம் உண்டு. சின்ன அலுமினியப் படகுக்கு அந்தச் செலவு வீண். எண்ணைப் படித்து, அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டதை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று எழுதிவிட்டு, உளுத்த சுவர் மேல் புது பெயிண்ட் அடிப்பது வியாபாரம் இல்லை, மோசடி. ஓடும் தண்ணீரில் அந்தச் சுவர் விட்டுப்போனால் போவது ஒரு குடும்பத்தின் உயிர். "எஞ்சின் இரண்டு வருடமாக ஓடவில்லை, மற்றது தெரியாது" என்று சொல்லி விற்பதில் எந்த அவமானமும் இல்லை. ரசீதில் ஹல் எண், எஞ்சின் எண், தேதி, இரு தரப்புக் கையெழுத்து இருக்கட்டும். பெயர் மாற்றத்தை மாநில அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

அக்கர்லாஃப் காட்டிய நோய்க்குக் காரணம், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது. வாரிசுப் படகைப் பொறுத்தவரை அதற்கான மருந்தில் பாதி அந்தப் படகின் மேலேயே பொறித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பணத்தோடு வருவதற்கு முன், தார்ப்பாயை விலக்கி அதைப் படித்துவிட வேண்டும்.